விட்டுப்போன ‘உம்’

எடை மேடையில் வேலை பார்த்த அண்ணன் அதைச் ‘சூடு’ என்றுதான் சொல்வார். மில்லின் சர்வரில் எதை வேண்டுமானாலும் மாற்றும் அதிகாரம் உள்ளவர்களுக்கென்று ஒரு குழு உண்டு. ஆங்கிலத்தில் நாலெழுத்துப் பெயர், sudo. நம் வாயில் வரும்போது சூடு என்றே வரும். கட்டளைக்கு முன்னால் அந்தச் சொல்லைத் தட்டி நம் பாஸ்வேர்டையும் கொடுத்தால், மிஷின் மறுபேச்சில்லாமல் சொன்னதைச் செய்யும். குழுவில் இல்லாத ஆள் தட்டினால், நீ பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும் என்று ஒரு வரி வரும். யாருக்குத் தெரிவிக்கப்படும்? எனக்குத்தான். ஏழு வருஷமாக அந்தக் குழுவில் இருந்த ஒரே பெயர் என்னுடையது.

சூடு குரூப்பில் நீங்கள் மட்டும்தானா என்று அண்ணன் ஒருதடவை கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியென்றால் எங்களுக்கெல்லாம் சூடும் இல்லை, சொரணையும் இல்லை என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

அருப்புக்கோட்டையை விட்டு வெளியே வந்ததும் ரோட்டோரம் இருக்கிற நூல் மில் அது. நான் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். சர்வர் அறைக்கு ஜன்னல் கிடையாது. கருவேலங்காட்டுப் புழுதி உள்ளே வரக்கூடாது என்று இருந்த ஒன்றையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். ஏசி உண்டு, அது மிஷினுக்காகப் போட்டது. வெளியே மண்டை வெடிக்கிற வெயிலில் லாரிகள் பஞ்சு மூட்டைகளோடு எடை மேடைக்கு வரிசை கட்டி நிற்க, நான் உள்ளே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மழை பெய்ததா, பொழுது சாய்ந்ததா என்பதை அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்வேன்.

எங்கள் சர்வர் போன்ற யூனிக்ஸ் வகை மிஷின்களில் ஒரு வழக்கம் உண்டு. எடை மேடையிலிருந்து வருகிற கேபிள், லேபிள் பிரிண்டர், பார்கோடு துப்பாக்கி, நூலைச் சோதிக்கிற கருவி என்று வெளியிலிருந்து செருகுகிற எந்தச் சாதனமும் உள்ளே ஒரு கோப்பாகத்தான் தெரியும். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் எல்லாம் பட்டியலாக வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு. அவர்கள் என்ன செய்யலாம், இவர்கள் என்ன செய்யலாம், மற்றவர்கள் என்ன செய்யலாம் என்று வரிசையின் தொடக்கத்தில் எழுத்துகள் இருக்கும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் கோடுதான், எதற்கும் அனுமதி இல்லை என்று அர்த்தம்.

கல்லூரியில் இதை நடத்தியபோது என்னோடு படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. எனக்கு ஒருமுறை சொன்னதே போதுமாக இருந்தது. என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர்கள். எந்த வீட்டில் வாசல்வரை, எந்த வீட்டில் கொல்லைப்புறம்வரை, எந்தத் தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் எங்கும் எழுதி ஒட்டாத ஒரு பட்டியல். அவர்களுக்கு அது மனப்பாடம். அந்தப் பட்டியலில் நாங்கள் மற்றவர்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான், பெரிய குடும்பத்து மில்லில், முதலாளியாலேயே தொட முடியாத ஒரு குழுவில் ஒற்றைப் பெயராக உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தை நான் லேசில் விடுவேனா?

விடவில்லை. அதுதான் வினை. இரண்டு வருஷத்துக்கு முன் பி.இ. படித்த ஒருவரை எனக்குத் துணையாகப் போட்டார்கள். நல்ல மனிதர், விஷயமும் தெரிந்தவர். பிரிண்டர் குழுவில் சேர்த்தேன், பார்கோடு குழுவில் சேர்த்தேன். சூடு குழுவில் மட்டும் சேர்க்கவில்லை. பழகட்டும், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒவ்வொரு சின்ன வேலைக்கும் என் கதவைத் தட்ட வேண்டியிருந்ததில் அவருக்கு அலுத்துப்போய், வந்த வேகத்திலேயே கிளம்பிவிட்டார். ஆள் சரியில்லை என்று முதலாளியிடம் சொன்னவள் நான்தான். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பலனையும் நானே அனுபவித்தேன். வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம் என்று போனிலிருந்து சர்வருக்குள் நுழைய ஒரு வழி செய்து வைத்தேன். அதன்பிறகு எனக்கு வீடு என்று ஒன்று இல்லாமல் போனது. அத்தை மகள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில், நான் பந்தக்காலுக்குப் பின்னால் நின்று லேபிள் பிரிண்டரை எழுப்பிக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் காதில் விழுந்தது. தாலி கண்ணில் படவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்காரவைத்துவிட்டு மாடிப்படியில் நின்று எடை மேடையைச் சரி செய்திருக்கிறேன். வசதிக்கு என்று நினைத்துத்தான் அந்த வழியைச் செய்தேன். யாருடைய வசதிக்கு என்று யோசிக்கவில்லை.

இந்த நிலையில் மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து பார்க்கிற வேலை. முறை போட்டு லீவு எடுக்கலாம் என்றார்கள். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: பழைய இடத்திலிருந்து ரிலீவிங் லெட்டர்.

எங்கள் முதலாளி கத்துகிறவராக இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு வாங்கியிருப்பேன். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். “நீ நம்ம வீட்டுப் பிள்ளம்மா. வீட்டுப் பிள்ள வீட்ட அப்படியே போட்டுட்டுப் போகுமா?” என்பார். ஒரு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு லெட்டரை வாங்கிக்கொள் என்பார். எந்த ஆளிடம் என்று கேட்டால், அதை நீதானே சொல்ல வேண்டும் என்பார். சொன்ன ஆளை, அவனுக்கு என்ன தெரியும் என்று தட்டிவிடுவார். இப்படியே இரண்டு தடவை மதுரையில் தவணை கேட்டேன். மூன்றாவது தடவை அவர்கள் பளிச்சென்று சொல்லிவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை லெட்டரோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை கடைசி முயற்சியாக எடை மேடை அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பு லாரி ஓட்டியவர். பத்தாவதோடு படிப்பை விட்டாலும், கேட்டதை ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதிவைக்கிற மனிதர். சர்வருக்குள் நுழைய அவருக்கு ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தேன். சர்வரிலிருந்து வரும் எச்சரிக்கை மெயிலெல்லாம் அவர் போனுக்கும் போகும்படி மாற்றினேன். பிறகு ஒருவரைக் குழுவில் சேர்க்கிற கட்டளையைச் சொல்லிக் கொடுத்தேன்.

பெரிய ஜி போட்டால், இந்த ஆளை இந்தக் குழுவில் வை என்று அர்த்தம். அதற்கு முன்னால் சின்ன ஏ ஒன்று சேர்த்தால், இந்தக் குழுவிலும் வை என்று அர்த்தம். அந்தச் சின்ன ஏதான் நம் பேச்சில் வருகிற ‘உம்’ என்றேன்.

“உம் விட்டுப்போச்சுன்னா?” என்று கேட்டார்.

மற்ற எல்லாக் குழுவிலிருந்தும் தூக்கிவிடும் என்றேன். அவர் நோட்டில் ‘உம் முக்கியம்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

இவ்வளவும் செய்தேனே, அவரைச் சூடு குழுவில் சேர்த்தேனா என்று கேட்டால், இல்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு போனிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம், அதுவரை எதற்கும் என்னிடமே இருக்கட்டும் என்று நினைத்தேன். போகத் துடிக்கிறவள் சாவியை மட்டும் இடுப்பில் முடிந்துகொண்டு போகப் பார்த்தேன்.

அண்ணன் லாரி பார்க்கப் போய்விட்டார். அந்த வாரம்தான் எடை மேடைக்குப் புதுக் கேபிள் மாட்டியிருந்தோம். எண் சரியாக வரவில்லை என்று சொல்லியிருந்தார். அந்தக் கேபிளைத் தொட ஒரு தனிக் குழு உண்டு. அவரை அதில் சேர்ப்பதற்கு முன்னால் என் பெயரைச் சேர்த்துச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தட்ட ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். “ஏம்மா, தீபாவளி வரைக்கும் இருந்துட்டுப் போயேன். அதுக்குள்ள ஒரு ஆளப் பாத்துருவோம்” என்றார். தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாய், சரிங்க முதலாளி, பார்க்கிறேன் என்றது. கை பாட்டுக்குக் கட்டளையை அடித்து முடித்துவிட்டது.

இந்த மிஷின்கள் சொன்னது நடந்துவிட்டால் வாயைத் திறக்காது. அதுவும் திறக்கவில்லை.

கட்டளை தட்டுகிற கறுப்புக் கட்டத்தை நாங்கள் ஜன்னல் என்போம். புதிதாகச் சேர்த்த குழு செல்லுபடியாக வேண்டுமென்றால் புதிதாக உள்ளே நுழைய வேண்டும். எனவே பக்கத்தில் இன்னொரு ஜன்னலைத் திறந்து நுழைந்தேன். எடை மேடையின் எண்கள் அழகாக ஓடி வந்தன. அடுத்த வேலைக்காகச் சூடு என்று தட்டி பாஸ்வேர்டைக் கொடுத்தேன். நீ பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும் என்றது.

பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் வருகிற வரி அது இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் திரும்ப அடித்தேன். திரும்பவும் அதே வரி. பழைய ஜன்னலுக்குப் போய் நான் அடித்ததைப் பார்த்தேன். பெரிய ஜி இருந்தது. சின்ன ஏ இல்லை. காலையில் அடுத்தவருக்குப் பாடம் நடத்தியவள், மத்தியானம் ‘உம்’மை விழுங்கிவிட்டேன். கேபிள் குழுவிலும் என்னை வை என்பதற்குப் பதில், கேபிள் குழுவில் மட்டும் வை என்று சொல்லியிருக்கிறேன். ஏழு வருஷமாகக் கட்டிக்காத்த குழுவிலிருந்து என்னை நானே தூக்கி வெளியே போட்டிருந்தேன். அந்தக் குழுவில் இப்போது ஆளே இல்லை.

சர்வரை நிறுத்தி வேறு வழியாக உள்ளே போகலாம்தான். ஆனால் அது நின்றே வெகுகாலம் ஆகிவிட்டது. நிறுத்தினால் திரும்ப எழுந்திருக்குமா என்று தெரியாது. வெளியே லாரிகள் நிற்கின்றன. இதைச் சாக்காக வைத்தே, பார்த்தாயா, உன்னால் போக முடியாது என்று முதலாளி தீபாவளியைப் பொங்கல் ஆக்கிவிடுவார்.

ஒரே ஒரு பிடிமானம் இருந்தது. மிஷின் நம் குழுக்களை நாம் உள்ளே நுழைகிறபோதுதான் பார்க்கும். பழைய ஜன்னலில் நான் காலையிலேயே நுழைந்துவிட்டேன். அதனால் அந்த ஜன்னலுக்கு மட்டும் நான் இன்னும் சூடு குழுவில்தான் இருந்தேன். அதை மூடாதவரைக்கும் அதிகாரம் உண்டு. கைதவறி மூடினாலோ, கரண்டு போய் யுபிஎஸ்ஸும் காலை வாரினாலோ, எல்லாம் முடிந்தது. நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தப்பாக ஏதாவது பட்டுவிடுமோ என்று பயம். தண்ணீர் பாட்டில் எட்டுகிற தூரத்தில் இருந்தது. அதை எடுக்கவும் தைரியம் வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் ஓடிவந்தார். கையில் போன். சம்பவம் என்று மெயில் வந்திருப்பதாகவும், அதில் என் பெயர் போட்டிருப்பதாகவும் சொன்னார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டைப் பிரித்து, இரண்டு கோடு போட்ட இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். இந்த ஜன்னலில் ஒரு வரி அடித்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றேன்.

“பழையபடின்னா?”

“பழையபடிதான். அதுல நான் மட்டும் இருப்பேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. நான் மட்டும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அது பெருமையாகக் கேட்கவில்லை. செங்கல் வைத்து அடைத்த அந்த ஜன்னல்தான் கண்ணில் பட்டது. முதலாளி என்னைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிடித்து வைத்தது உண்மைதான். அவர் பிடிப்பதற்கு வாகாகக் கயிற்றைத் திரித்துக் கொடுத்தவள் நான்.

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். “அப்ப எம்பேரையும் போடுங்க தங்கச்சி” என்றார் அண்ணன். அந்த ‘உம்’மைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பழைய ஜன்னலில் அவர் பெயரைச் சூடு குழுவில் சேர்த்தேன். சின்ன ஏ, பெரிய ஜி. அடிப்பதற்கு முன் இருவரும் சேர்ந்து வாய்விட்டுப் படித்தோம். அவரை நுழைந்து பார்க்கச் சொன்னேன். சூடு என்று தட்டினார். மிஷின் அவர் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் செய்தது. அதே ஜன்னலில் கேபிள் குழுவிலும் அவரைச் சேர்த்தேன்.

அடுத்து என் பெயர். கட்டளையை முழுவதும் அடித்துவிட்டு, விரலை என்டர் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று மனசு சொன்னது. ஏழு வருஷமும் அது இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு ஜன்னலை மூடினேன்.

முதலாளியின் அறைக்கு இருவரும் போனோம். சர்வர் இனி என் கையில் இல்லை, அண்ணன் கையில் இருக்கிறது என்றேன். அவனுக்கு என்னம்மா தெரியும் என்று வழக்கம்போல ஆரம்பித்தார். எனக்கு இனிமேல் எதையும் மாற்ற முடியாது, நான் இருந்தாலும் பிரயோஜனமில்லை என்றேன். அவர் நம்பாமல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மெயிலைக் காட்டி, தங்கச்சி பெயர் பட்டியலில் இல்லை என்று மிஷினே எழுதியிருக்கிறது முதலாளி என்றார். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார். என்னைப் போகவிடக்கூடாது என்று அவர் சொல்லிவந்த காரணம் அத்தோடு தீர்ந்துபோனது. லெட்டர் வந்தது. கையெழுத்துப் போடும்போது, “என்ன இருந்தாலும் கூப்பிட்டா நீ வந்துருவ” என்றார். எப்போதும் போல மெதுவாக, சிரித்தபடிதான் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை, அருப்புக்கோட்டையில் பஸ் மாறி மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். லெட்டர் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஜன்னலோர சீட்டு. காரியாபட்டியில் கூட்டம் ஏறி நெருக்கியது. நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. என் கை தானாகப் போனை எடுத்து, தானாக மில் சர்வருக்குள் நுழைந்திருந்தது. திங்கட்கிழமை அந்த நேரத்துக்குப் பிரிண்டர் வரிசையைக் காலி செய்வது என் வழக்கம். சூடு என்று தட்டி பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டேன். நீ பட்டியலில் இல்லை என்றது. அப்போதுதான் எனக்கு நினைவே வந்தது. யாரோ பிடரியில் தட்டியது போல இருந்தது.

ஒரு நிமிஷத்தில் அண்ணன் போன் செய்தார்.

“தங்கச்சி, நீங்க சூடு கேட்டதா மெயில் வந்துருக்கு. திருப்பிச் சேத்துவிடவா? நோட்டு கையிலதான் இருக்கு.”

சேர்த்துவிடுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சங்கடத்தை மறைக்க இருமினேன். வேண்டாம் அண்ணே, என் கணக்கையே எடுத்துவிடுங்கள் என்றேன். அதற்கான கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அண்ணன் எழுதிக்கொண்டு, ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு அடித்தார்.

“எடுக்க மாட்டேங்குது” என்றார். பிறகு திரையில் வந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தார். அது என்ன சொல்கிறது என்று எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் படித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

“நீங்க இன்னும் உள்ளதான் இருக்கீகளாம். உள்ள இருக்குற ஆள எடுக்க முடியாதாம். மொதல்ல நீங்க வெளிய வாங்க தங்கச்சி.”

போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். கறுப்புக் கட்டத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது. வெளியே வருகிற சொல்லுக்கும் இங்கிலீஷில் நாலே எழுத்துதான். அதை அடித்தேன்.